ரு வேண்டாம், று வேண்டும்

மேல்வரிசையில் முன்பல் மூன்று போய்விட்டன. காரணம் ஓர் எழுத்து.

உட்காருங்கள் தம்பி. மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்துவிட்டீர்கள். ஒரு தடவை செருப்பையே மாட்டிவிட்டீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கன்னம் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. இதோடு எங்கே போவீர்கள்? மெடிக்கலில் மாத்திரை வாங்கவா? அந்த மாத்திரையெல்லாம் நான் தின்று முடித்தாயிற்று. ஒன்றுக்கும் ஆகாது.

நீங்கள் பேச வேண்டாம். வலிக்கும். நான் பேசுகிறேன். எனக்குப் பேச்சே பிடிக்காது. ஆனால் உள்ளே போனவர் வெளியே வர அரை மணி ஆகும். அதற்குள் நீங்கள் நாலாம் தடவை எழுந்துவிடுவீர்கள்.

வரும்போது வாசலில் பலகையைப் பார்த்தீர்களா? இல்லை. யாரும் பார்ப்பதில்லை. போகும்போது பாருங்கள். 'பல் மற்றும் ஈரு சிகிச்சை மையம்.' ஈரு. சின்ன ரு. பல்லைப் பிடித்திருக்கிற சதைக்குப் பெயர் ஈறு. பெரிய று. சின்ன ரு போட்டால் அது தலையில் பேன் இடுகிற முட்டை. ஆக, இந்த டாக்டரம்மா பல்லும் பார்ப்பாள், பேன் முட்டையும் எடுப்பாள்.

சிரிக்காதீர்கள். வீக்கம் கூடும்.

எழுத்துப் பார்ப்பது என் தொழில். இதே சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தினேன். தினசரி காலண்டர். முந்நூற்று அறுபத்தைந்து தாள். தாளுக்குத் தாள் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை. ராகு காலத்தை அரை மணி தள்ளிப் போட்டால் ஜில்லா முழுக்க அரை மணி தப்பான நேரத்தில் பெண் பார்க்கப் போகும். விளையாட்டு இல்லை.

அதனால் இரண்டு ஆள். ஒருத்தன் மூலத்தைச் சத்தமாகப் படிப்பான். மற்றவன் அச்சுத்தாளில் கண்ணை வைத்திருப்பான். படித்தவன் ஞானதிரவியம். பார்த்தவன் நான். அவன் நாசரேத்துக்காரன். கமா, புள்ளி, கோடு எல்லாம் வாய்விட்டுச் சொல்வான். 'திங்கள் கமா ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது புள்ளி.' வீட்டில் சம்சாரத்திடமும் 'சோறு வை கமா ரசத்தை ஊத்து புள்ளி' என்றுதான் சொல்வானாம். பழக்கம்.

தாளின் அடியில் 'திருத்தியவர்' என்று ஓர் இடம் இருக்கும். அதில் நான் கையெழுத்துப் போடுவேன். படித்தவன் பெயர் எங்கேயும் வராது. அது முறை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் பெயர் ஒரு தாளிலும் வந்ததில்லை. அவன் கேட்டதும் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் ஒரு பிழை கிடையாது. முதலாளி எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். காலண்டர் ஊர் ஊராகப் போய்விட்டது. கோவில்பட்டியில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் போன் செய்தார். அட்டையில், கட்டைவிரல் உயரத்தில், தங்கக் கலரில், 'இனிய புத்தண்டு நல்வாழ்த்துகள்.' புத்தண்டு. கால் விழுந்துவிட்டது. நான் பார்த்தேன், ஞானதிரவியம் பார்த்தான், முதலாளி பார்த்தார், அடித்தவன் பார்த்தான். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். பொடி எழுத்தில் தப்பு தப்பாது. பெரிய எழுத்தில் இருப்பதுதான் தப்பும். கண் அங்கே நிற்காது. அதில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று தாண்டிவிடும்.

எங்கே விட்டேன்? பல்.

ஞானதிரவியத்துக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும். எழுத்து தெரியாது. பல் அதற்கு முன்னாலேயே போயிற்று. ஐம்பத்தெட்டு வயதிலேயே மொத்தமும் எடுத்துவிட்டு மேலும் கீழும் செட் கட்டிக்கொண்டான். தினமும் காலையில் நான் பேப்பரோடு அவன் வீட்டுக்குப் போவேன். அவன் செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு உட்காருவான். கேட்டால், "அதக் கழட்டுனாத்தான்வே காது நல்லா தொறக்கு" என்பான். நான் படிப்பேன். கமா, புள்ளியோடு. முதல் பக்கத்திலிருந்து இரங்கல் வரை ஒன்றரை மணி நேரம். முப்பத்தெட்டு வருஷம் அவன் படித்தான், இப்போது என் முறை. அவ்வளவுதான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அவன் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இந்த ஆஸ்பத்திரி வந்தது. போகும்போது ஈரு. வரும்போது ஈரு. தினம் இரண்டு தடவை.

அதே சமயத்தில்தான் எனக்குப் பல் துலக்கினால் ரத்தம் வர ஆரம்பித்தது. கரித்தூளும் உப்பும் கலந்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். ரத்தம் கூடியது. சரி, ரத்தம் வருகிற பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடலாம் என்று விட்டேன். புண்ணை யாராவது தேய்ப்பார்களா? அது ஒரு வருஷம். பிறகு வாய் நாறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஏலக்காய் போட்டேன். கிராம்பு அடக்கினேன். பல் நீளமானது மாதிரி இருந்தது. இந்த வயதில் பல் வளருகிறதே என்று நான் நினைத்தேன்.

என்ன பார்வை? நீங்கள் மட்டும் கன்னம் வீங்கியதும் ஓடி வந்தீர்களா? எத்தனை நாள்? ...எட்டா? பிறகு என்ன பேச்சு.

"போற வழியில பல் ஆஸ்பத்திரி வந்திருக்குல்ல, ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்" என்றாள் வீட்டுக்காரி.

"எழுத்தே சரியா எழுதத் தெரியாதவ பல்லை எப்படி சரியா எடுப்பா? பலகைய மாத்தட்டும். அப்புறம் படியேறுறேன்."

"பயம்னு சொல்லுங்களேன்."

பயம் இல்லை. கொள்கை. பலகை மாறாமல் படியேறுவதில்லை என்று முடிவு செய்தேன். சும்மா இருக்கவும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் சிவப்பு மையில் எழுதி, ஷட்டருக்கு அடியில் தள்ளினேன். 'ரு வேண்டாம். று வேண்டும்.' அவ்வளவுதான். பெயர் போடவில்லை. பிழைதான் முக்கியம், ஆள் எதற்கு? பலகை மாறவில்லை. அடுத்த மாதம் இன்னொன்று. மொத்தம் பதினொரு சீட்டு. பலகை அசையவே இல்லை. பல் அசைந்தது.

முதல் பல் போன கதை கேவலம். சாத்தூர் சேவு வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். நறுக்கென்று கல். துப்பிப் பார்த்தால் பழுப்பாக ஒரு கல். கடைக்குப் போனேன். கூட்டத்தில் வைத்து, "கடலை மாவுல கல்லக் கலந்து விக்கிறியா, ஆளக் கொல்லப் பாக்கிறியா" என்று ஒரு பிடி பிடித்தேன். கடைக்காரன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி," என்றான் மெதுவாக, "இது உங்க பல்லு."

தாளில் மடித்துக் கொடுத்தான். கூடவே ஒரு கை சேவும் கொடுத்தான். வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது, ஞானதிரவியம் வீட்டில். அதற்குள்ளேயே என் பேச்சு கெட்டுவிட்டது. முன்பல் இல்லாமல் தகரம் வராது. நாக்கு போய் எங்கே முட்டும்? காற்றுத்தான் வரும். அன்றைக்குத் திருத்தங்கலில் குழாய் உடைந்த செய்தி. நான் படித்தேன்.

"ஹிருஹங்கலில்..."

"எங்கனவே?"

"ஹிருஹங்கல்."

"அது எந்த நாட்டுல இருக்கு? ஆப்பிரிக்காவா?"

திருத்தங்கல் இங்கிருந்து ஒரு நடை தூரம். எனக்குக் கோபம் வந்தது. அழுத்திச் சொன்னேன். அழுத்தியதில் இரண்டாவது பல் தெறித்துப் பேப்பரில் விழுந்தது. சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது. கண் போனவனுக்குக் காது கத்தி.

"என்னவே விழுந்துச்சு?"

"புள்ளி" என்றேன்.

அவன் காதை இந்தப் பக்கம் திருப்பி, "பெரிய புள்ளியோ?" என்றான்.

அடுத்த வாரம் போகிறேன், வாசலிலேயே ஒரு பெண் குரல். உள்ளே யாரோ செய்தி படிக்கிறாள். பார்த்தால் கைபேசி. மருமகள் ஏதோ ஒன்றை அதில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதுவே பேப்பரைப் படிக்கிறது. கமா இல்லை, புள்ளி இல்லை. மூச்சே விடவில்லை. சாவுச் செய்தியையும் சந்தை நிலவரத்தையும் ஒரே குரலில் ஓதுகிறது. காலை மு.ப. என்று போட்டிருந்தால் 'மு, ப' என்கிறது. நான் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"வாரும்வே. இவ ஒருத்தி வந்திருக்கா. தப்புத்தப்பாத்தான் படிக்கா. ஆனா ஒண்ணு, இவளுக்குப் பல்லு ஆடாதுல்லா?"

திரும்பி வந்துவிட்டேன். நான்கு நாள் போகவில்லை. போய் என்ன செய்ய? அவனுக்குச் செய்தி வேண்டும், கிடைக்கிறது. நான் பேப்பரை வீட்டில் எனக்கே படித்தேன். எனக்கே புரியவில்லை.

அந்த நான்கு நாள் நன்றாக இல்லை, தம்பி. அவ்வளவு சொன்னால் போதும்.

ஐந்தாம் நாள் காலை அவனிடமிருந்து போன். குரலே உடைந்திருந்தது.

"தெய்வேந்திரம்வே, கடவாப்பல்லு குடையுதுவே. உசுரு போவுது. மவன் ஊருல இல்ல, மருமவ வேலைக்குப் போயிட்டா. என்னைய அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவும்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அந்தப் பேன் முட்ட ஆஸ்பத்திரிதான். வேற எங்க போவ?"

போனேன். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உங்களைப் போலவே. ஆட்டோ பிடித்து இதோ இந்த வாசலுக்குக் கொண்டு வந்தேன். பலகை. ஈரு. நான் நின்றுவிட்டேன். "நீ போ. நான் வெளியே நிக்கிறேன்" என்றேன்.

"கண்ணு தெரியாதவன படியேத்தி விடமாட்டீரா?"

என்ன செய்வது? ஒரு படி. இரண்டு படி. அப்புறம் அந்த நாற்காலி வரை கொண்டுபோய் விட வேண்டுமே. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலி. முத்தரசி இருக்கிறாளே, அதோ சீட்டு எழுதுகிற பெண், அவள் கேட்டாள், "யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும் போடும்மா" என்றான் இவன்.

"எனக்கு எதுக்குய்யா?"

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே. உள்ள என்ன செய்தாவ, எப்படிச் செய்தாவன்னு தெரியாம நான் எப்படி வாயத் தொறக்க? மொதல்ல நீரு உக்காரும். சும்மா பாக்கச் சொல்லும். நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிடுதேன். அச்சுக்கு முன்னால ஒரு புரூஃப் எடுக்கணும்லா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கண்ணில்லாதவன். வேறு எப்படித் தெரிந்துகொள்வான்?

முத்தரசி என் பெயர் கேட்டாள். "ஹெய்வேந்ஹிரன்" என்றேன். அவள் மூன்று தடவை கேட்டாள். என் பெயரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞானதிரவியம்தான் சொன்னான், எழுத்து எழுத்தாக, பழைய குரலில், "தே, கொம்பு ஒத்தை இல்ல ரெட்டை..." என்று ஆரம்பித்து, "அடச்சீ, தெ. ஒத்தக் கொம்பு" என்று திருத்திக்கொண்டான். சீட்டில் 'அழைத்து வந்தவர்' என்று ஓர் இடம். "கூட வந்தவர் யாரு?" என்றாள். "யாரும் கூட்டி வரல. நான்தான் இவனக் கூட்டி வந்தேன்" என்றேன். 'தானாக வந்தார்' என்று எழுதினாள்.

டாக்டர் நஸ்ரின் சின்னப் பெண். முதலில் இவனிடம் போனாள். இவன் வாயைத் திறந்து, "பாருங்கம்மா, இந்தப் பல்லுதான்" என்று காட்டினான். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வலியென்று வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன். அவன் ஏதோ முணுமுணுத்தான். "சரி, முதல்ல இவரைப் பார்ப்போம்" என்று என்னைச் சாய்த்துவிட்டாள்.

நான் எழுந்து ஓடியிருப்பேன். பயத்தால் இல்லை, கொள்கைக்காக. ஆனால் ஒன்று நடந்தது.

அவள் கையில் மெல்லிய ஊசி மாதிரி ஒரு கருவி. முனை மழுக்கு. அதில் பொடிக் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக விட்டு அளந்து எண் சொன்னாள். "மூணு, மூணு, நாலு." முத்தரசி திருப்பிச் சொல்லி எழுதினாள். "மூணு, மூணு, நாலு." "ஆறு, ஏழு, ரத்தம்." "ஆறு, ஏழு, ரத்தம்." ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடம். ஒருத்தி படிக்கிறாள். ஒருத்தி தாளில் கண் வைத்திருக்கிறாள். முடித்ததும், "படி" என்றாள் டாக்டர். முத்தரசி முதலிலிருந்து படித்தாள். ஓர் இடத்தில், "அது ஏழு இல்ல, எட்டு" என்றாள் டாக்டர். அடித்துத் திருத்தினார்கள்.

நான் படுத்தபடியே ஞானதிரவியத்தைப் பார்த்தேன். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாப் படிக்காவே" என்றான். "கமாதான் சொல்லல."

அதற்குப் பிறகு நான் எழவில்லை. வேலை தெரிந்தவள். எழுத்துத்தான் தெரியவில்லை.

"அந்த எண்ணெல்லாம் என்ன?" என்றேன். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை மாதிரி ஒரு பள்ளம் விழுமாம். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் சரி. எனக்கு எட்டு, ஒன்பது. தாடை முழுக்க ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்துச் சுவரில் காட்டினாள். கோடைக்காலத்துக் கிணறு மாதிரி எலும்பு கீழே போயிருந்தது. பல் வளரவில்லை தம்பி. சுற்றி இருந்தது இறங்கியிருக்கிறது.

"வலியே இல்லையேம்மா."

"அதான் சார் பிரச்சினை. இது வலிக்காமதான் தின்னும். ரத்தம் வந்தப்பவே வந்திருக்கணும். ரத்தம் வர்ற இடத்தைத் தொடாம விட்டீங்களா?"

"விட்டேன்."

"அங்கதான் அழுக்கு கல்லா உறைஞ்சு கிடக்கு. சர்க்கரை கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"இன்னிக்குக் காலையில. காப்பியில."

அவள் சிரிக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து. எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. ஞானதிரவியத்தின் கண்ணைத் தின்றதே, அதே ஆள். என் வாயிலிருந்து ஆரம்பித்திருக்கிறான்.

"சர்க்கரையும் ஈறும் ஒண்ணையொண்ணு கெடுக்கும். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். முதல்ல க்ளீன் பண்ணணும்."

"க்ளீன் பண்ணினா பல் ஆடும்கிறாங்களே."

"சார், உங்களுக்கு ஏற்கெனவே ஆடுது."

வாயில் அவள் விரல்.

அவள் விரலை எடுத்ததும் பலகை விஷயத்தை எடுத்தேன். விடுவேனா? "பதினொரு சீட்டு போட்டேன். ஒண்ணுகூட உங்களுக்குக் கிடைக்கலையா?" முத்தரசியின் கையிலிருந்து தாள் விழுந்தது. "அது நீங்களா!" என்றாள். டாக்டர் பெங்களூரில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பலகை ஃபிளெக்ஸ்காரன் எழுதியது. சீட்டைப் படித்துச் சொன்னவள் முத்தரசி. 'ரு வேண்டாம்' என்றால் ரூபாய் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரோ ஃபீஸ் வாங்காதீங்கன்னு மிரட்டுறாங்கன்னு நினைச்சோம் சார். சிவப்பு மை வேற. போலீசுக்குப் போகலாமான்னு பேசினோம்."

"அப்ப 'று வேண்டும்'னா என்னன்னு நினைச்சே?"

"ஏதோ ஆள் பேருன்னு நினைச்சேன். யாருன்னுதான் தெரியல சார்."

ஞானதிரவியம் வலியை மறந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

சுத்தம் செய்வது பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் அதுதான். ஒரு கருவி, நுனி நடுங்கும், தண்ணீர் பீய்ச்சும், கொய்யென்று சத்தம். சத்தம்தான். ஆழமான இடத்துக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு உள்ளே வேர் வரைக்கும் சுரண்டினாள். நாலு தடவை வரச் சொன்னாள், வாயின் ஒரு கால் பகுதிக்கு ஒரு தடவை. மூன்றாவது பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டாள். மற்ற ஆடிய பற்களைப் பின்னால் மெல்லிய கம்பி வைத்துச் சேர்த்துக் கட்டினாள். பிறகு ஒரு குட்டி பிரஷ் கொடுத்தாள். விளக்குத் திரி அளவுதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுத் தினமும் வாரி எடுக்க வேண்டும். கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி அவளே செய்து காட்டினாள். ஈறோரம் ஒட்டிக் கிடக்கிற பொடியை, ஒவ்வொரு சந்தாக, பொறுமையாக, ஒன்று விடாமல்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. ஈருளி பார்த்திருக்கிறீர்களா? பேன் முட்டை எடுக்கிற சீப்பு, பல் நெருக்கமாக இருக்கும். சீப்பில் இருப்பதற்கும் பல் என்றுதான் பெயர். இவள் செய்கிற வேலையும் அதுதான். ஈருதான் எடுக்கிறாள்.

நாலாவது தடவை போனபோது டாக்டர் கேட்டாள். "சார், பலகையை மாத்திடறேன். சரியா எழுதிக் கொடுங்க."

எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. தப்பாகத் திருத்திவிட்டால், எழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து 'இருக்கட்டும்' என்று ஓரத்தில் எழுதுவோம். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் அதிகம் போட்டதில்லை.

"இருக்கட்டும்மா" என்றேன்.

பிறகு மருந்து, நடை, சர்க்கரை இல்லாத காப்பி. அதைக் காப்பி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. ஈறும் இறுகியது. மேல்தாடை எலும்பில் இரண்டு திருகு வைத்து, அதன் மேல் மூன்று பல். இதோ. பாருங்கள். இழுத்துப் பார்க்கிறீர்களா? வேண்டாம்.

பல் வைத்த மறுநாள் பேப்பரோடு ஞானதிரவியம் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் படிக்கிறாளா என்று வாசலில் நின்று கேட்டேன். சத்தம் இல்லை. "போன் கெட்டுப்போச்சுவே" என்றான். நான் உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்து, செய்தி இருக்கிறதோ இல்லையோ, முதலில் சொன்னேன். "திருத்தங்கல் புள்ளி."

அவன் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"ஆப்பிரிக்காவுல கெடந்த ஊரத் தூக்கிட்டு வந்து பழைய எடத்துலயே வச்சிட்டீரேவே" என்றான்.

அந்தக் கெட்டுப்போன போனில் சாயங்காலம் பாட்டு ஓடியது. எப்படிச் சரியானதோ.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறேன், அளந்து பார்க்க. இன்றைக்கும் அதற்குத்தான். ஒன்பது நாலாகிவிட்டது. நல்ல ஆஸ்பத்திரி. ஒரே ஒரு குறை எனக்கு இவர்கள் மேல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப்பல் குடைகிறது என்று உயிர் போக வந்தவன் ஞானதிரவியம். அவனுக்கு அன்றைக்கு வைத்தியம் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்ததோடு சரி. மறந்தே போனார்கள். அவனும் வாய் திறக்கவில்லை, நல்ல மனுஷன். கடவுள் புண்ணியத்தில் வலி அன்றைக்கே நின்றுவிட்டது. ஒரு மாத்திரைகூடப் போடாமல். எப்படி என்று எனக்கு இன்றுவரை...

என்ன? பேசாதீர்கள் என்றேனே.

எந்தப் பல்லா? கடைவாய்ப்பல். அவன்தான் போனில் சொன்னான்.

என்ன காட்டுகிறீர்கள்? டம்ளரா? எந்த டம்ளர்? அவன் தினமும் செட்டைக் கழற்றிப் போடுகிற...

...

இருங்கள்.

...

ஐம்பத்தெட்டிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். நானேதான் கூடப் போனேன் பல் எடுக்க. நானேதான்.

வருஷக் கணக்கு, தம்பி. வருஷக் கணக்காக அவன் எதிரில் தினம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். அந்த டம்ளர் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கும். கட்டைவிரல் உயர எழுத்து. தங்கக் கலர்.

நீங்கள் சிரிக்கலாம். வீங்கினால் வீங்கட்டும்.

என்னம்மா? ஆமாம், தெய்வேந்திரன். கேட்டது. என்னை விடு, இவரை முதலில் அனுப்பு. இவருக்குக் கன்னம் வெடித்துவிடும். எழுந்திருங்கள் தம்பி. அந்தப் பக்கம் இல்லை, அது வாசல். இந்தப் பக்கம். வேண்டுமானால் நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன், எண்ணைக் கேட்டுச் சொல்கிறேன். வந்துவிடுகிறேன், ஒரு நிமிஷம்.

முத்தரசி, என் சீட்டை எடு. முதல் சீட்டு, போன வருஷத்தது. சிவப்புப் பேனா இருக்கிறதா? இருந்தால் கொடு. இதோ, 'அழைத்து வந்தவர்: தானாக வந்தார்.' தப்பு. அடித்துவிட்டேன். பக்கத்தில் எழுதுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள், 'ஞா', பக்கத்தில் கால் உண்டு, விட்டுவிடாதே. அடியிலும் ஒரு கோடு போடு. திருத்தியவர் என்று எழுது. அங்கேயும் அதே பெயர்.

ஞானதிரவியம். புள்ளி.